ஒரே பாடத்திட்டத்தில் எல்லாப் பிள்ளைகளும்: பாலக்காடு எல்லையோரப் பெற்றோரும் ஆசிரியரும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், ஒழலப்பதி, கோபாலபுரம், மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம். பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுகாவின் இந்தப் பக்கத்தில் வீட்டில் தமிழ், பஞ்சாயத்து ஆபீசில் மலையாளம், சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் பொள்ளாச்சி அல்லது கோயம்புத்தூர். பிள்ளைகள் பலர் கேரளப் பாடத்திட்டத்தைத் தமிழ்வழியில் படிக்கிறார்கள். சிலர் எல்லை தாண்டித் தமிழ்நாட்டுப் பள்ளிக்குப் போகிறார்கள். பார்க்க, கேட்க, நடக்க, வாசிக்க, புரிந்துகொள்ளச் சிரமப்படும் பிள்ளைகளின் பெற்றோரும், அவர்களுக்குப் பாடம் எடுக்கும் டீச்சர்களும் ஒரு சிறப்பாசிரியரான என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை.

"எல்லாருக்கும் ஒரே தரம்" என்றால் என் பிள்ளையும் மற்றவர்களைப் போலவே படித்து, அவர்களைப் போலவே பரீட்சை எழுத வேண்டுமா?

கற்க வேண்டியது ஒன்றுதான். கற்கும் வழியும், கற்றதைக் காட்டும் விதமும் மாறலாம். 2017இல் மத்திய அரசின் பாடத்திட்ட, பாடநூல் அமைப்பான என்சிஇஆர்டி தொடக்க வகுப்புகள் ஒவ்வொன்றுக்கும் கற்றல் விளைவுகளை வெளியிட்டது. இந்த வகுப்பு முடியும்போது பிள்ளைக்கு இன்னின்னது தெரிந்திருக்க வேண்டும் என்ற பட்டியல் அது. அதில் மாற்றுத்திறன் பிள்ளைகளுக்கென்று தனியாக ஒரு சின்னப் பட்டியல் போடவில்லை. அதே விளைவுகளை அவர்களும் எட்ட வகுப்பில் என்னென்ன செய்யலாம் என்ற குறிப்புகளைத்தான் சேர்த்தார்கள்.

இது ஏன் முக்கியம் என்றால், பிள்ளைக்குத் தெரியாமலே, பெற்றோருக்கும் சொல்லாமலே தரத்தைக் குறைத்துவிடுவதுதான் பள்ளிகளில் அதிகம் நடக்கிறது. "பாவம், அவனுக்கு இது போதும்" என்று ஐந்தாம் வகுப்பிலும் எழுத்துக்கு மேல் எழுத வைப்பார்கள். பிரியத்தில்தான் செய்கிறார்கள். ஆனால் பத்தாம் வகுப்பில் அந்தப் பிள்ளை கையில் ஒன்றும் இல்லாமல் நிற்கும்.

சட்டம் என்ன சொல்கிறது?

கல்வி உரிமைச் சட்டம் 2009, ஆறு முதல் பதினான்கு வயது வரையுள்ள எல்லாக் குழந்தைகளுக்குமானது. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016, 21 வகைக் குறைபாடுகளை அங்கீகரிக்கிறது; 1995ஆம் ஆண்டின் பழைய சட்டத்தில் ஏழுதான் இருந்தன. புதிய சட்டத்தின் 16ஆம் பிரிவு, அரசு நிதி பெறும் அல்லது அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளிகள் பாகுபாடு இல்லாமல் சேர்த்துக்கொண்டு, மற்றப் பிள்ளைகளோடு சேர்த்துக் கற்பிக்க வேண்டும் என்கிறது. பாடத்திட்டத்திலும் தேர்விலும் தேவையான மாற்றங்கள் செய்ய வேண்டும் என்பது 17ஆம் பிரிவு. கூடுதல் நேரம், எழுதித் தர ஆள், இரண்டாம் மூன்றாம் மொழிப் பாடங்களிலிருந்து விலக்கு ஆகியவை அங்கே பெயர் சொல்லியே குறிப்பிடப்பட்டுள்ளன. 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடு உள்ள பிள்ளைக்கு ஆறு முதல் பதினெட்டு வயது வரை இலவசக் கல்வி உண்டு என்கிறது 31ஆம் பிரிவு. பக்கத்துப் பள்ளியா, சிறப்புப் பள்ளியா என்பது உங்கள் விருப்பம்.

எதை மாற்றலாம், எதை மாற்றக் கூடாது?

ஒவ்வொரு பாடத்திலும் "இதில் உண்மையில் சோதிப்பது என்ன?" என்று டீச்சர் தன்னையே கேட்டுக்கொண்டால் பாதி சிக்கல் தீர்ந்துவிடும்.

ஈரத்துணி ஏன் காய்கிறது என்பது அறிவியல் கேள்வி. காது கேளாத ஒரு மாணவன் இப்படி எழுதியிருந்தான்: "துணி தண்ணீர் வெயில் சூடு ஆவி மேலே போகும்." ஐ இல்லை, கு இல்லை, ஆல் இல்லை. சைகையில் யோசிக்கிற பிள்ளைக்கு எழுத்துத் தமிழ் இன்னொரு மொழி. சைகைமொழியில் நம் வேற்றுமை உருபுகள் கிடையாது. அறிவியலில் கேட்டது நீர் ஆவியாவதைப் பற்றி. அது அவனுக்குத் தெரிந்திருக்கிறது. முழு மதிப்பெண் அவனுக்கு உரியது. உருபுகளைத் தமிழ் வகுப்பில் பொறுமையாகக் கற்றுக்கொடுக்க வேண்டும், அங்கே அதற்கு மதிப்பெண்ணும் குறைக்கலாம். அறிவியல் தாளில் குறைத்தால் அவன் தெரிந்துவைத்திருப்பதைத் தெரியாது என்று எழுதுவதாகிவிடும்.

கணக்கு இன்னும் நல்ல உதாரணம். பார்வையில்லாத ஐந்தாம் வகுப்பு மாணவிக்கு நீள்வகுத்தல் வேண்டாம், வாய்ப்பாடு போதும் என்று விட்டுவிடும் பள்ளிகள் உண்டு. டெய்லர் சட்டகம் என்ற ஒரு பலகை இருக்கிறது. வரிசை வரிசையாக நட்சத்திர வடிவத் துளைகள். அவற்றில் சின்ன உலோக அச்சுகளைச் செருக வேண்டும். அச்சின் தலையில் உள்ள கோடு எந்தத் திசையில் நிற்கிறது என்பதை விரலால் தடவி, இது 3, இது 7 என்று அறியலாம். 936ஐ 4ஆல் வகுக்கும்போது அந்தப் பெண் 9க்குக் கீழே 8ஐச் செருகுவாள், கழித்து 1ஐ வைப்பாள், பக்கத்தில் 3ஐ இறக்குவாள். நாம் நோட்டில் போடும் அதே படிகள். நேரம் மூன்று மடங்கு ஆகலாம். அப்படியானால் பத்துக் கணக்குக்குப் பதில் நான்கு கொடுங்கள். நீள்வகுத்தலையே எடுத்துவிடாதீர்கள்.

எண்ணிக்கையைக் குறைக்கலாம், நேரத்தைக் கூட்டலாம், வாய்மொழியாகக் கேட்கலாம், எழுத்தைப் பெரிதாக்கலாம், பிரெயிலில் தரலாம், கேள்வியை எளிய வாக்கியத்தில் கேட்கலாம். கேள்வி எதைச் சோதிக்கிறதோ அதில் மட்டும் கை வைக்கக் கூடாது. வாசிப்பைச் சோதிக்கும் தாளை வாசித்துக் காட்டினால் அங்கே சோதனையே இல்லை. சமூக அறிவியல் தாளை வாசித்துக் காட்டலாம்.

பிரெயிலில் தமிழ் எழுதும் பிள்ளையின் எழுத்துப்பிழைகளை எப்படிப் பார்ப்பது?

அச்சில் "கொ" என்று எழுத முன்னால் ஒரு கொம்பு, பின்னால் ஒரு கால் போடுகிறோம். பிரெயிலில் முதலில் க, பிறகு ஒ என்ற உயிரின் குறி என வரிசையாக வரும். அதனால் அந்தப் பிள்ளைக்குக் கொம்பு எங்கே, கால் எங்கே என்ற குழப்பமே கிடையாது. ஆனால் ல, ள, ழ குழப்பம் எல்லாப் பிள்ளைகளையும் போலவே இருக்கும், அதையும் எல்லாருக்கும் போலவே திருத்துங்கள். எழுதும் பலகையில் தாளின் பின்பக்கத்தில் வலமிருந்து இடமாகக் குத்த வேண்டும் என்பதால் தொடக்கத்தில் புள்ளிகள் இடவலம் மாறிவிடும். அது பழக்கத்தில் சரியாகிவிடும்.

என் மகனுக்கு அறிவுத்திறன் வளர்ச்சி குறைவு. அவனுக்கும் ஏழாம் வகுப்புப் பாடம் எப்படிப் பொருந்தும்?

இது எல்லாவற்றையும்விடக் கடினமான கேள்வி, மழுப்பாமல் சொல்கிறேன். எல்லாப் பிள்ளைகளும் எல்லா விளைவுகளையும் முழுதாக எட்டிவிட மாட்டார்கள். அப்படியானால் அவனுக்குத் தனிநபர் கல்வித் திட்டம் எழுத வேண்டும். அதைப் பெற்றோர், வகுப்பாசிரியர், சிறப்பாசிரியர் மூவரும் உட்கார்ந்து பேசி எழுத வேண்டும். எழுதும்போது, வகுப்பில் நடக்கும் பாடத்தையே எடுத்துக்கொண்டு அதற்குள் அவனுக்கான படியைத் தேடுங்கள்.

ஏழாம் வகுப்பில் சதவீதம் நடக்கிறது. மற்றவர்கள் லாப நட்டம் போடுகிறார்கள். அவன் நூறு ரூபாயில் பாதி எவ்வளவு, கால் எவ்வளவு என்று உண்மையான நோட்டுகளை வைத்துப் பிரிக்கட்டும். கோவிந்தாபுரம் பக்கம் மாம்பழம் வாங்கப் போனால் "பாதி விலை" என்று எழுதியிருப்பதைப் புரிந்துகொள்ளட்டும். அதே பாடம், அதே வகுப்பு, அதே பெஞ்சு. அடுத்த பருவத்தில் இன்னொரு படி. அவன் திட்டத்தில் "இப்போது இது வரை, அடுத்து இது" என்று எழுதியிருக்க வேண்டும். வருடா வருடம் அதே வரிகள் திரும்ப எழுதப்பட்டிருந்தால் பள்ளியிடம் கேளுங்கள். கேட்பதற்கு உங்களுக்கு உரிமை இருக்கிறது.

மூலையில் உட்காரவைத்துக் கலர் பென்சில் கொடுப்பது உள்ளடக்கிய கல்வி ஆகாது. ஊர்க்காரர்கள் சொல்லும் "அவன் சும்மா ஸ்கூலுக்குப் போய்ட்டு வரான்" என்ற நிலையை ஏற்றுக்கொள்ளாதீர்கள். பஞ்சாயத்துகள் நடத்தும் பட்ஸ் பள்ளிகள் கேரளத்தில் இருக்கின்றன. தீவிரமான அறிவுத்திறன் குறைபாடு உள்ள பிள்ளைகளில் சிலருக்கு அது நல்ல இடம். ஆனால் "எங்களால் முடியாது, அங்கே போங்கள்" என்று பக்கத்துப் பள்ளி தள்ளிவிட்டு நீங்கள் அங்கே போகக் கூடாது. தேர்ந்தெடுப்பது நீங்களாக இருக்க வேண்டும்.

மூன்றாம் வகுப்பாகியும் வாசிக்க வரவில்லை. கற்றல் குறைபாடா, இல்லை மொழிதான் சிக்கலா?

நம் எல்லையோரத்தில் மிகவும் கவனமாகப் பார்க்க வேண்டிய விஷயம் இது. இரண்டு பக்கமும் தவறு நடக்கிறது. மொழி தெரியாத பிள்ளைக்குக் குறைபாட்டு முத்திரை குத்திவிடுகிறார்கள். உண்மையிலேயே குறைபாடு உள்ள பிள்ளையை "தமிழ்ப் பிள்ளை, அப்படித்தான் இருக்கும்" என்று விட்டுவிடுகிறார்கள்.

வீட்டில் தமிழ் பேசி, மலையாளவழி வகுப்பில் உட்காரும் பிள்ளையின் டிக்டேஷன் நோட்டைப் பாருங்கள். தமிழில் ஒரே க, ஒரே ப. மலையாளத்தில் அதே இடத்தில் நான்கு நான்கு எழுத்துகள். வல்லோசைக்கும் மெல்லிய ஓசைக்கும் தனித்தனி எழுத்து. தமிழ்ப் பிள்ளை அவற்றை மாற்றி மாற்றித்தான் எழுதும். அது தாய்மொழியின் பழக்கம், மூளையின் குறைபாடு கிடையாது.

அதைப் பிரித்தறிய, பிள்ளையிடம் தமிழில் பேசிப் பாருங்கள். "மரம்" என்ற சொல்லில் "ம"வை எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும்? "ரம்" என்று சட்டென்று சொல்கிறதா? "பாட்டு" என்பதோடு ஒத்து ஒலிக்கும் இன்னொரு சொல் சொல்லச் சொன்னால் "வீட்டு, காட்டு" என்று வருகிறதா? பாட்டி சொன்ன கதையைத் திரும்பக் கோவையாகச் சொல்கிறதா? இவையெல்லாம் தமிழில் நன்றாக வந்து, மலையாள எழுத்தில் மட்டும் திணறினால் மொழிக்கு நேரம் கொடுங்கள். தமிழிலேயே ஓசைகளைப் பிரிக்க முடியவில்லை, முதல் வகுப்பிலிருந்து தமிழ்வழியில் படித்தும் எழுத்தும் ஒலியும் ஒட்டவில்லை என்றால் மதிப்பீட்டுக்கு அழைத்துப் போங்கள். அதற்கு முன் கண்ணையும் காதையும் சோதித்துவிடுங்கள். சளியால் காது அடைத்துக் கிடந்த பிள்ளைகளைப் படிப்பு வராதவர்கள் என்று சொல்லிவிடுவதுண்டு.

மதிப்பீடு செய்பவரிடம், பிள்ளையின் வீட்டுமொழி தமிழ் என்று முதலிலேயே சொல்லுங்கள். மலையாளத்தில் வாசிக்கவைத்து எடுத்த முடிவை மட்டும் வைத்துச் சான்றிதழ் முடிவாக வேண்டாம், தமிழிலும் சோதியுங்கள் என்று கேளுங்கள். தமிழ் தெரிந்தவர் அங்கே இல்லையென்றால் கோயம்புத்தூரில் சோதித்த அறிக்கையையும் சேர்த்துக் கொடுங்கள்.

கற்றல் குறைபாட்டுக்கான சான்றிதழ் பற்றி 2018இல் வந்த மத்திய அரசு வழிகாட்டுதல், எட்டு வயதுக்கு மேல்தான் மதிப்பிட வேண்டும் என்றது. அதுவரை சும்மா இருக்க வேண்டும் என்று அதற்கு அர்த்தமில்லை. உதவியை முதல் வகுப்பிலேயே தொடங்கலாம்.

சான்றிதழ் எந்த மாநிலத்தில் எடுப்பது?

நீங்கள் வசிக்கும் மாவட்டத்தில். ரேஷன் கார்டும் ஆதாரும் பாலக்காட்டு முகவரியில் இருந்தால் பாலக்காட்டில்தான். யுடிஐடி எனப்படும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டை இந்தியா முழுதும் செல்லும். பொள்ளாச்சிப் பள்ளியில் சேர்த்தாலும் அதுவே போதும், இன்னொன்று எடுக்க வேண்டியதில்லை. உதவித்தொகையும் பஸ் பாஸும் வேறு விஷயம். அவை மாநிலத்துக்கு மாநிலம் மாறும்.

40 சதவீதத்துக்குக் குறைவு என்று எழுதிவிட்டார்கள். இனி ஒன்றும் கிடைக்காதா?

கிடைக்கும். எழுதும்போது விரல்கள் பிடித்துக்கொள்ளும் நோய் உள்ள விகாஷ் குமார் என்ற இளைஞர் குடிமைப் பணித் தேர்வுக்கு எழுத்து உதவியாளர் கேட்டு வழக்கு நடத்தினார். 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், இந்த உதவியை 40 சதவீதம் என்ற கோட்டுக்குள் அடைத்துவைக்க முடியாது என்று தீர்ப்புச் சொன்னது. அதைத் தொடர்ந்து 2022இல், 40க்குக் குறைவாக இருந்தாலும் எழுதச் சிரமப்படுபவர்களுக்கான வழிகாட்டுதலையும் மத்திய அரசு கொண்டுவந்தது.

அப்புறம் இன்னொன்று. வகுப்பறையில் செய்யும் மாற்றங்களுக்குச் சான்றிதழே தேவையில்லை. முன்வரிசையில் உட்காரவைக்க, பெரிய எழுத்தில் அச்செடுத்துத் தர, வாய்மொழியாகக் கேட்க டீச்சருக்கு மனசு இருந்தால் போதும்.

மொழிப்பாட விலக்கு வாங்கலாமா?

நம் பிள்ளைகளுக்கு மொழிச்சுமை அதிகம். தமிழ், ஆங்கிலம், பள்ளியைப் பொறுத்து மலையாளம், இந்தி என்று நான்கு எழுத்துகள் வரை வந்துவிடும். வாசிப்புக் குறைபாடோ செவித்திறன் குறைபாடோ உள்ள பிள்ளைக்கு விலக்கு பெரிய ஆறுதல். சட்டம் அனுமதிக்கிறது, தயங்காமல் கேளுங்கள்.

ஆனால் என் யோசனை இது: தொடக்க வகுப்பில் அவசரப்பட்டு வாங்காதீர்கள். எழுத்துத் தேர்விலிருந்து விலக்கு கேளுங்கள், காதால் கேட்டுப் பேசுவதிலிருந்து வேண்டாம். பாலக்காட்டில் வாழப்போகிற பிள்ளைக்குப் பேச்சு மலையாளம் சோறு போடும். கணக்கு, அறிவியல் பக்கம் விலக்கோ எளிதான மாற்றுப்பாடமோ காட்டினால் இன்னும் யோசியுங்கள். பாலிடெக்னிக், ஐடிஐயின் பல பிரிவுகள் என எல்லா இடத்திலும் பத்தாம் வகுப்புக் கணக்கும் அறிவியலும் கேட்பார்கள்.

கேரளத்தில் இப்போது ஒவ்வொரு பாடத்திலும் 30 சதவீதம் எடுக்க வேண்டுமாமே? என் பிள்ளை என்ன செய்யும்?

எழுத்துத் தேர்வில் பாடத்துக்குக் குறைந்தது 30 சதவீதம் என்ற முறை 2024-25இல் எட்டாம் வகுப்பில் தொடங்கியது. அதை ஒன்பதுக்கும் பிறகு பத்துக்கும் கொண்டுபோவது அப்போதைய திட்டம். எடுக்காத பிள்ளைகளுக்குக் கூடுதல் வகுப்பு நடத்தி மறுபடி தேர்வு வைக்கிறார்கள்.

பயப்பட வேண்டாம், ஆனால் முந்திக்கொள்ளுங்கள். எட்டாம் வகுப்பின் முதல் பருவத்திலிருந்தே கூடுதல் நேரமும் மற்ற உதவிகளும் பள்ளித் தேர்விலேயே தரப்பட வேண்டும். உதவி தராமல் தேர்வு வைத்து, பிறகு 30 வரவில்லை என்று சொல்வது நியாயமில்லை. கூடுதல் வகுப்பிலும் அதே பாடத்தை அதே முறையில் இன்னொரு தடவை நடத்தினால் காது கேளாத பிள்ளைக்கு என்ன பயன்? அங்கே சிறப்பாசிரியர் இருக்க வேண்டும் என்று ஹெட்மாஸ்டரிடம் எழுத்தில் கேளுங்கள்.

சிறப்பாசிரியர் எப்போதாவதுதான் வருகிறார். மற்ற நாட்களில்?

மற்ற நாட்களில் வகுப்பாசிரியர்தான். எல்லா நாளும் அவர்தான் என்பதே சரி. 2021இல் ரஜனீஷ் குமார் பாண்டே வழக்கில் உச்ச நீதிமன்றம் தொடக்க வகுப்புகளில் பத்துப் பிள்ளைகளுக்கு ஒரு சிறப்பாசிரியர், அதற்கு மேல் பதினைந்து பேருக்கு ஒருவர் என்று அளவு சொன்னது. சமக்ர சிக்ஷா திட்டத்தில் பிஆர்சி எனப்படும் வட்டார வள மையத்திலிருந்து வருபவர்கள் பல பள்ளிகளைச் சுற்றிவருகிறார்கள். அவர் வரும் நாளில் பிள்ளையைத் தனி அறைக்குக் கூட்டிப்போவதைவிட, வகுப்பாசிரியரோடு உட்கார்ந்து அடுத்த வாரப் பாடத்தை எப்படி நடத்துவது என்று பேசுவது அதிகப் பயன் தரும். அதற்கு டைம்டேபிளில் ஒரு பீரியட் ஒதுக்குங்கள் என்று பிடிஏ கூட்டத்தில் கேட்கலாம்.

மற்றப் பிள்ளைகளின் படிப்பு தாமதப்படாதா?

படாது. கரும்பலகையில் எழுதுவதை வாயாலும் சொல்வது, படம் காட்டுவது, கேள்வியை இரண்டு விதமாகக் கேட்பது எல்லாம் வகுப்பு முழுவதற்கும் உதவும்.

தனியார் பள்ளி "எங்களிடம் வசதி இல்லை" என்று சேர்க்க மறுக்கிறது.

அங்கீகாரம் பெற்ற பள்ளி அந்தக் காரணம் சொல்லித் தட்டிக்கழிக்க முடியாது. மறுப்பை எழுத்தில் கேளுங்கள். பல இடங்களில் அதற்கே இறங்கிவந்துவிடுவார்கள். இல்லையென்றால் மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையருக்கும் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்துக்கும் புகார் அனுப்பலாம்.

படுக்கையில் இருக்கும் பிள்ளைக்கு?

பலவிதக் குறைபாடுகளோ தீவிரமான குறைபாடோ உள்ள பிள்ளைக்கு வீட்டுவழிக் கல்வி பெறும் உரிமையைக் கல்வி உரிமைச் சட்டத்தின் 2012 திருத்தம் தந்தது. பெயர் பள்ளிப் பதிவேட்டில் இருக்க வேண்டும், பாடநூல் கிடைக்க வேண்டும், திட்டம் எழுதப்பட வேண்டும். தசைப்பயிற்சி மட்டும் செய்துவிட்டுப் போனால் அது வைத்தியம். கூடவே பாடமும் நடக்க வேண்டும். முடிந்த நாளில் பள்ளிக்குத் தூக்கிப்போங்கள். வகுப்புப் பிள்ளைகளுக்கு அவனைத் தெரிந்திருக்க வேண்டும்.

வருடத்தின் நடுவில் பொள்ளாச்சிப் பக்கம் குடிபோகிறோம். என்ன கவனிக்க வேண்டும்?

டிசியில் பிள்ளைக்கு என்ன உதவி தரப்பட்டது என்பது இருக்காது. கேரளப் பள்ளிகளின் பதிவு சம்பூர்ணா என்ற இணையதளத்தில், தமிழ்நாட்டுப் பதிவு எமிஸ் என்ற வேறொரு தளத்தில். அதனால் தனிநபர் கல்வித் திட்டம், மதிப்பீட்டு அறிக்கை, தேர்வில் தந்த உதவிகளின் உத்தரவு இவற்றின் நகலை நீங்களே ஃபைலில் போட்டு எடுத்துப்போங்கள். கேட்புக் கருவி, சக்கர நாற்காலி போன்றவற்றைப் பள்ளி மூலம் வாங்கியிருந்தால் அவை பிள்ளையோடு வர வேண்டும் என்று முன்கூட்டியே பேசிவிடுங்கள். புதிய பள்ளியில் பாடநூலே வேறு என்பதால் முதல் மாதத்தில் பிள்ளை பின்தங்கியதுபோல் தோன்றும். அதை வைத்து உடனே ஒரு வகுப்பு இறக்கச் சொன்னால் சம்மதிக்காதீர்கள்.

எஸ்எஸ்எல்சிக்கு எழுதித் தரும் ஆளை எப்படி ஏற்பாடு செய்வது?

பத்தாம் வகுப்பு தொடங்கியதும் ஹெட்மாஸ்டரிடம் விண்ணப்பத்தையும் மருத்துவச் சான்றையும் கொடுங்கள். கடைசி நேரத்தில் ஓடினால் உத்தரவு வராது. மத்திய அரசின் 2018 வழிகாட்டுதல் கூடுதல் நேரத்தை மணிக்குக் குறைந்தது 20 நிமிடம் என்றது. எழுதித் தருபவர் தேர்வரைவிடக் குறைந்த படிப்புள்ளவராக இருக்க வேண்டும் என்பதால் வழக்கமாக ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளைத்தான் அழைப்பார்கள்.

நம் பக்கத்தில் முக்கியமாகப் பார்க்க வேண்டியது, அந்தப் பிள்ளை தமிழ்வழியில் படிக்கிறதா என்பது. பக்கத்து மலையாளவழிப் பள்ளியிலிருந்து வருபவருக்குத் தமிழ் பேச வரும், எழுத வராது. "ஒளிச்சேர்க்கை" என்று சொன்னால் எழுத்துக் கூட்டிக்கொண்டிருப்பார். ஆகவே விண்ணப்பத்திலேயே தமிழ்வழி மாணவர் வேண்டும் என்று எழுதுங்கள்.

இருவரும் தேர்வுக்கு முன் சேர்ந்து பழக வேண்டும். சொல்லி எழுதவைப்பது தனியாகப் பழக வேண்டிய வேலை. வாக்கியத்தை மனசுக்குள் முழுதாகக் கட்டி, நிறுத்தி நிறுத்திச் சொல்ல வேண்டும். படத்தில் எந்தக் கோடு எங்கே போக வேண்டும் என்று வாயால் விளக்க வேண்டும், கணக்கில் "அடுத்த வரியில், சமக்குறிக்கு நேர் கீழே" என்று இடம் சொல்ல வேண்டும். எட்டாம் வகுப்பிலிருந்தே பள்ளித் தேர்வுகளை இப்படி எழுதவைத்தால், பத்தில் பிள்ளை பாடத்தை மட்டும் யோசித்தால் போதும்.